செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: ராணி வளர்ப்புத் திட்டத்தின் இரண்டாம் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவ மழையையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் தேனீ வளர்ப்போரே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை செயற்குழு மாதம் ஒருமுறை தவறாமல் கூடியது. தேன் கொள்முதல், புகைப்பான் வாங்கியது, கட்டட வாடகை ஆகியவற்றின் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். ஆண்டு முழுவதும் உறுப்பினர்களின் உழைப்பும், ஓரளவு மனத்தாங்கலும், ராணித் தேனீ வளர்ப்பைச் சுற்றியே இருந்ததால் இவ்வறிக்கையின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

இத்திட்டம் ஏன் தொடங்கப்பட்டது என்பதைப் புதிய உறுப்பினர்களுக்காக மீண்டும் சொல்ல வேண்டியுள்ளது. 1920களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. ஊரகப் புனரமைப்பு மையத்திலிருந்துதான் மரப்பெட்டியில் தேனீ வளர்க்கும் தொழில் இவ்வட்டாரத்து வீடுகளுக்குப் பரவியது. 1991–92இல் தென்னிந்தியா முழுவதும் பரவிய தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் நச்சுயிரி அந்தத் தேனீச் செல்வத்தை ஏறக்குறைய வழித்தெடுத்துக்கொண்டு போனது. அடையைத் தூக்கிப் பார்த்தால் மூடாத அறைகளுக்குள் புழுக்கள் தலையை நிமிர்த்தியபடி செத்துக் கிடக்கும். இடுக்கியால் எடுத்தால் நீர் கட்டிய சிறு பைபோல் தொங்கும். அதற்கு அன்றும் மருந்தில்லை, இன்றும் இல்லை. மலையடிவாரத்து மரப்பொந்துகளிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பெட்டிகளிலும் தப்பிப் பிழைத்த குடும்பங்களின் வாரிசுகளே இன்று நம்மிடம் உள்ள அடுக்குத் தேனீக்கள், அதாவது பல அடைகளை அடுக்காகக் கட்டும் இந்தியத் தேனீக்கள். நோயைத் தாங்கும் குணம் எங்காவது இருக்குமென்றால் அந்த வாரிசுகளிடம்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில், அவற்றுள் தேறியவற்றைத் தேடிப் பெருக்குவதே இத்திட்டத்தின் நோக்கம்.

ஆனால் நாம் இத்தனை காலமும் பெருக்கிவந்தது தேறியவற்றை அல்ல என்பதை இங்கே ஒப்புக்கொள்வது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் பெட்டிகளைப் பிரிக்கும்போது, எந்தக் குடும்பம் தானாகவே அடையின் கீழ் விளிம்பில் வரிசையாக ராணி அறை கட்டியிருக்கிறதோ அதிலிருந்து அறைகளை வெட்டி மற்றப் பெட்டிகளில் ஒட்டவைப்பதே நமது வழக்கம். கூலியில்லாமல் கிடைத்த ராணி என்று மகிழ்ந்தோம். கூட்டம் பிரிந்து ஓடும் குணம் மிகுந்த குடும்பமே அப்படி அறைகளைக் கட்டிக் குவிக்கும் என்பதையும், ஆண்டுதோறும் அதன் மகள்களையே ஊரெல்லாம் பரப்பினோம் என்பதையும் யோசிக்கவில்லை. தை மாதம் ரப்பர் தளிர்விட்டுத் தேன் வரத்து தொடங்கும் நேரத்தில் பாதிப் பெட்டி காலியாகிப் பலா மரத்தில் கூட்டம் தொங்குகிறது என்று புலம்புவோரில் நானும் ஒருவன். அந்த ராணியை என் பெட்டிக்குள் வைத்தது என் கைதான்.

அடுத்ததாக, இவ்வேலையை ஒருவர் தனியே செய்ய முடியாது என்பதற்கான காரணத்தையும் பதிவு செய்கிறேன். கன்னி ராணி பெட்டிக்குள் கருவுறுவதில்லை. வெளியே பறந்து, வானில் பல ஆண் தேனீக்களுடன் கூடித் திரும்புகிறது. ஆகவே ராணி எனக்குச் சொந்தம் என்றாலும் ஆண் தேனீ ஊருக்குப் பொது. நான் எவ்வளவு கவனமாக ராணியைத் தேர்ந்தெடுத்தாலும், பக்கத்துத் தோட்டத்தில் நோஞ்சான் பெட்டிகள் இருந்தால் அவற்றின் ஆண் தேனீக்களே என் பெட்டியின் அடுத்த தலைமுறைக்குத் தகப்பன்கள் ஆகும். சென்ற பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர், "நம்ம பெட்டிய நாம பாத்துக்கலாம், இதுக்குச் சங்கம் எதுக்கு?" என்று கேட்டார். அவருக்கான பதில் இதுவே.

இதன்படி குலசேகரம், அருமனை, திருவட்டார், களியக்காவிளை என நான்கு குழுக்கள் அமைக்கப்பட்டு, பங்கேற்ற ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் அட்டை வழங்கப்பட்டது. மழைக்காலத்தில் எத்தனை முறை சர்க்கரைப் பாகு கொடுக்க நேர்ந்தது, கூட்டம் பிரிந்ததா, கூட்டை விட்டு ஓடியதா, செத்த புழு தென்பட்டதா, திறக்கும்போது எந்த அளவுக்குக் கொட்டியது ஆகியவற்றை அதில் குறிக்க வேண்டும். அட்டைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெறுமையாகவே திரும்பி வந்தன. சில அட்டைகள் ஒரே பேனாவால் ஒரே நாளில் முழுமையாக நிரப்பப்பட்டிருந்தன. அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அட்டைகளின்படி முன்னணியில் நின்ற பெட்டிகளில், செத்த புழுவைத் தேனீக்கள் எவ்வளவு விரைவாக அகற்றுகின்றன என்று பார்க்கும் ஊசிச் சோதனை நடத்தப்பட்டது. மூடிய புழு அறைகள் பத்துக்குப் பத்தாக நெருங்கியிருக்கும் ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு, நூறு அறைகளையும் மெல்லிய குண்டூசியால் ஒவ்வொன்றாகக் குத்தி, அடை தொங்கும் மரச்சட்டத்தைத் திரும்ப வைத்து, 24 மணி நேரம் கழித்து எத்தனை அறைகளைப் பணித்தேனீக்கள் திறந்து செத்ததை வெளியே இழுத்துப் போட்டிருக்கின்றன என்று எண்ண வேண்டும். திருவட்டார்க் குழுவின் ஒரு பெட்டியில் மறுநாள் காலை அடையைத் தூக்கியபோது அந்த நூறு அறை இடம் துடைத்துவைத்த தட்டுபோல் இருந்தது. குத்தாத அறைகள் சுற்றிலும் அப்படியே மூடிக் கிடந்தன. என்னுடைய சிறந்த பெட்டி என்று நான் பத்துப் பேரிடம் சொல்லிவந்த பெட்டியிலோ பாதிக்கு மேல் அப்படியே அழுகிக் கிடந்தது. தேன் அதிகம் தருவதும் வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பதும் வேறு வேறு குணங்கள் என்பது அன்று எனக்கு உறைத்தது.

தேர்வான நான்கு தாய்ப் பெட்டிகளிலிருந்து இரு தவணைகளாக ராணிகள் வளர்க்கப்பட்டன. ராணி முட்டையிலிருந்து வெளிவர 15 அல்லது 16 நாள் போதும்; ஆண் தேனீக்கு ஏறத்தாழ 24 நாள் ஆவதோடு, பறந்து கூடும் அளவுக்கு முதிர மேலும் சில நாள் வேண்டும். ஆகவே தகப்பன் பெட்டிகள் என்று ஒதுக்கியவற்றுக்கு முன்கூட்டியே பாகு கொடுத்து ஆண் புழு வளர்க்கத் தூண்டினோம். ஆண் அறைகளின் கூம்பிய மூடி நடுவே ஊசித்துளை தெரிந்த பிறகே புழு மாற்றும் வேலையைத் தொடங்கினோம்.

அந்த வேலை குலசேகரத்தில் ஓர் உறுப்பினரின் வீட்டுத் திண்ணையில் நடந்தது. ஒரு நாள் வயதுப் புழு, தேனீக்கள் அதற்கு ஊட்டும் ராஜ கூழின் மேல் மிதக்கும் காற்புள்ளி அளவே இருக்கும். அதைப் புரளாமல், காயப்படாமல், ஈரத்துணியின் மறைவில், ராணியாக வளர்வதற்கான மெழுகுக் கிண்ணத்துக்கு மாற்ற வேண்டும். ஐம்பதைக் கடந்த எங்களில் பலருக்கு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தும் புழு எது, ஒளியின் பளபளப்பு எது என்று பிரித்தறிய முடியவில்லை. தையல் வேலை தெரிந்த இரு பெண் உறுப்பினர்கள் முதல் தடவையிலேயே கைப்பழக்கம் பெற்றனர். இனி அப்பொறுப்பு அவர்களுடையதே என்று செயற்குழு முடிவு செய்துள்ளது.

அக்டோபர் தவணையில் வைத்த 36 கிண்ணங்களில் 14ஐத் தேனீக்கள் ஏற்றன. 9 ராணிகள் வெளிவந்தன. அவை கலவிக்குப் பறக்க வேண்டிய நாள்களில் மழை விடவில்லை. அதற்குப் பின், ராணிகளைத் தனித்தனியே வைத்திருந்த சிறுபெட்டிகளைத் திறந்தபோது பலவற்றில் ராணியே இல்லை. இரண்டில் ஓர் அறைக்கு மூன்று நான்கு முட்டைகள் சுவரில் ஒட்டியிருந்தன. ராணி இழந்த அடுக்குத் தேனீக் குடும்பத்தில் பணித்தேனீக்கள் விரைவிலேயே முட்டையிடத் தொடங்கிவிடும் என்பதை அறிந்தும் நாங்கள் தாமதித்தோம். அந்தப் பிழை செயலாளராகிய என்னைச் சேரும். தேறியவை மூன்றே. நவம்பர் பிற்பகுதியில் வைத்த இரண்டாம் தவணையில் 40 கிண்ணங்களில் 22 ஏற்கப்பட்டு, 17 ராணிகள் வெளிவந்து, 13 கருவுற்று முட்டையிட்டன. அப்போது வெயில் இருந்தது என்பதைத் தவிர எங்கள் திறமை கூடிவிட்டதாகச் சொல்ல முடியாது. மாலை 4 மணிக்குப் பின்னரே ஆண் தேனீக்கள் பெட்டி வாசலில் இரைந்துகொண்டு கிளம்புவதைப் பார்த்தோம். ஆகவே அந்நேரத்தில் சிறுபெட்டிகளைத் திறக்கவோ புகையூட்டவோ கூடாது என்று விதி வைத்துள்ளோம்.

கிடைத்த 16 ராணிகளையும் எந்தக் குழுவின் தாய்ப் பெட்டியிலிருந்து வந்தனவோ அக்குழுவுக்கே தராமல், மாற்றி அனுப்பினோம். இதனால் எழுந்த மனத்தாங்கலை நான் அறிவேன். ஆனால் அருமனையில் முந்தைய ஆண்டு நிகழ்ந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். ஓர் உறுப்பினர் தம்மிடமிருந்த ஒரே நல்ல ராணியின் மகள்களையே எல்லாப் பெட்டிகளிலும் வைத்தார். அடுத்த தலைமுறையில் அடைகள் சல்லடைபோல் ஆயின. நோய் என்று பயந்து பார்த்தால், செத்த புழு ஒன்றுகூட இல்லை. நெருங்கிய உறவுக்குள் கலக்கும்போது கருவுற்ற முட்டைகளில் ஒரு பங்கு பணித்தேனீ ஆகாமல் ஆண் ஆகிவிடும். அந்தப் புழுக்களைப் பணித்தேனீக்களே தின்றுவிடும். அவையே அந்த வெற்று அறைகள். சொந்தத்தில் கொடுத்துவாங்குவது மனிதரிடையே எப்படியோ, தேனீக்கு ஆகாது.

இத்தாலியத் தேனீயின் ஆணோடு கலக்கவிட்டு வீரிய இனம் உண்டாக்கலாமே என்று எழுத்துமூலம் வந்த யோசனைக்கும் பதில் தர வேண்டும். அவை இரண்டும் வேறு வேறு இனங்கள். கலந்தாலும் குஞ்சு பிறக்காது. மேலும், வரோவா உண்ணி நம் தேனீயோடு காலங்காலமாக வாழ்வது. அது பெரும்பாலும் ஆண் புழுக்களில் மட்டுமே பெருகுவதால் குடும்பத்தை அழிப்பதில்லை. இத்தாலியத் தேனீக்கு அந்தத் தாங்குதிறன் இல்லை. அதை வளர்ப்போர் உண்ணிக்கு ஓயாமல் வைத்தியம் பார்க்க வேண்டியுள்ளது.

வருத்தத்துடன் குறிப்பிட வேண்டிய ஒன்று: உறுப்பினர் ஒருவர் வெளிமாவட்ட வியாபாரியிடமிருந்து பெட்டிகளை வாங்கி, யாருக்கும் சொல்லாமல் தகப்பன் பெட்டிகளுக்கு அருகிலேயே இறக்கிவிட்டார். இருபது நாளில் அவற்றுள் நீர்ப்பைப் புழுக்கள் தென்பட்டன. ராணிகளைக் கூண்டிலிட்டு முட்டையிடுவதை நிறுத்தி, நோய்ப்பட்ட அடைகளை எரித்துச் சமாளித்தோம். வெளியிலிருந்து வாங்கும் பெட்டியை நாற்பது நாளாவது தனியிடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற தீர்மானம் இன்று உங்கள் முன் வைக்கப்படுகிறது.

இன்னொரு தீர்மானம் பெட்டிக்குள் வைக்கும் மரச்சட்டத்தின் அளவு பற்றியது. மார்த்தாண்டம் பெட்டி, நியூட்டன் பெட்டி, ஆசாரி மனம்போல் செய்து தந்த பெட்டி என்று பல அளவுகள் நம்மிடம் இருப்பதால் ஒருவரின் சட்டம் மற்றவர் பெட்டியில் உட்காருவதில்லை. முட்டை அடையைக் கொடுத்து உதவக்கூட முடிவதில்லை. புதிதாகச் செய்யும் பெட்டிகளையாவது ஒரே அளவில் செய்ய உறுப்பினர்கள் இசைய வேண்டும்.

வரும் ஆண்டில் முதல் தவணையை மழை முடியும்வரை தள்ளிவைக்கவும், தாய்ப் பெட்டிகளை ஏழாக உயர்த்தவும், பேச்சிப்பாறைப் பக்கத்து மரப்பொந்துக் கூட்டங்களில் சிலவற்றை அட்டைக்குள் கொண்டுவரவும் செயற்குழு பரிந்துரைக்கிறது.

அட்டைகளை இன்னும் தராதவர்கள் இக்கூட்டம் முடிவதற்குள் தந்துவிட வேண்டுகிறேன். புழு மாற்றும் ஊசிகள் ஐந்தில் இரண்டு திரும்பி வரவில்லை. வைத்திருப்பவர்கள் யாரென்று கேட்கமாட்டோம், வாசலில் உள்ள மேசையில் வைத்துவிட்டால் போதும்.

இங்ஙனம்,
செயலாளர்