குடல் ஒட்டுதலைக் குறைத்த கைகளுக்கு நன்றி

குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழோடு வந்தவர்களுக்காக எங்களோடு உழைத்த அனைவருக்கும் வணக்கம்.

கத்தி பட்டதால்தான் குடல் ஒட்டிக்கொள்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். கத்தி படுவதற்கு முன்பே, அழற்சியிலேயே அது தொடங்கிவிடுகிறது. பெரிட்டோனியம் என்கிற வயிற்று உள்ளுறையின் மேற்பரப்பு ஒரே அடுக்குச் செல்களால் ஆனது. சீழ் பட்டு அது புண்ணானதும் இரத்தக் குழாய்களிலிருந்து புரதம் மிகுந்த நீர் கசியும்; சில மணி நேரத்தில் அது ஃபைப்ரின் என்ற புரத இழைகளாக உறைந்து பக்கத்துக் குடல்களைப் பிணைக்கும். நலமான உறை, டிபிஏ என்ற நொதியின் உதவியால் அந்த இழைகளை ஏறக்குறைய 3 நாளில் கரைத்துவிடும். அழற்சி நீடித்தால் டிபிஏ குறையும், அதை முடக்கும் பிஏஐ-1 என்ற புரதம் கூடும். கரையாமல் நின்ற இழைக்குள் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற திசு கட்டும் செல்கள் நுழைந்து கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைப் படியவைக்க, ஒரு வாரத்துக்குள் நார் உருவாகிவிடும். நாளடைவில் அதில் நரம்புகூட வளரும்.

ஆகவே முதல் நன்றி, வயிறு பலகைபோல் இறுகியதைக் கண்டதும் வலி ஊசி போட்டுக் காத்திராமல், ஆன்டிபயாடிக்கைத் தொடங்கி உடனே அனுப்பிவைத்த மருத்துவர்களுக்கு.

ஆபரேஷன் தியேட்டர் செவிலியர்களே, உங்களுக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறோம். உலர்ந்த காஸ் துணி உரசினால் அந்த ஒற்றை அடுக்கு உரிந்துவிடும். உடல் சூட்டுக்கு, அதாவது 37 டிகிரிக்கு, வெதுவெதுப்பாக்கிய சலைனில் நனைத்தே ஒவ்வொரு துணியையும் நீட்டினீர்கள். வெளியே எடுத்த குடல் காயாமல் பார்த்துக்கொண்டீர்கள். கழுவிய நீரை இடுப்புக்குழி, கல்லீரலின் அடிப்பக்கம் வரை உறிஞ்சி எடுக்கும்வரை பொறுமையாக நின்றீர்கள்.

பவுடர் இல்லாத கையுறைகளையே வாங்கித் தந்த மருந்தகத்தாருக்கும் நன்றி. கையுறையின் மாவுத்தூளே அழற்சியைக் கிளறிக் குடல் ஒட்டுதலை உண்டாக்கும். அமெரிக்கா 2017-இல் பவுடர் கையுறைகளைத் தடைசெய்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வார்டு செவிலியர்களே, ஒட்டிய நார் பின்னாளில் குடலை அடைக்கலாம் என்பதால், வீடு திரும்பும் ஒவ்வொருவரிடமும் நீங்கள் சொல்லி அனுப்புவது பெரிய உதவி: விட்டுவிட்டு முறுக்கும் வலி, வாந்தி, வயிற்று உப்புசம், காற்றும் மலமும் பிரியாமை ஆகியவை சேர்ந்து வந்தால், ஆண்டுகள் பல ஆகியிருந்தாலும், சாப்பிடாமல் அன்றே வரவேண்டும், பழைய ஆபரேஷன் சீட்டையும் எடுத்துவர வேண்டும்.

நன்றியுடன்,
அறுவைச் சிகிச்சைப் பிரிவினர்