எஃப்.பி.ஐ. முதலில், பி.சி.சி. பிறகு

மதுரை

அன்பு கயலுக்கு,

கனடா பி.ஆர்.-க்கு, அதாவது அங்கே நிரந்தரமாகக் குடியேறும் உரிமைக்கு, எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற இணைய முறையில் புரொஃபைல் போட்டாகிவிட்டது, இந்த வாரமே இரண்டு நாட்டுப் போலீஸ் சான்றிதழையும் ஒன்றாகப் போட்டு முடிக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். ஒன்றாகப் போடாதே. அமெரிக்காவுடையதை இப்போதே ஆரம்பி. நம் ஊருடையதைக் கொஞ்சம் ஆறப்போடு.

காரணம் கனடாவின் விதியிலேயே இருக்கிறது. 18 வயதுக்குப் பிறகு, கடந்த 10 வருடத்தில், தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டுக்கும் சான்றிதழ் வேண்டும். அந்தக் கணக்கில் உனக்கு இந்தியா, எம்.எஸ். படித்த அமெரிக்கா இரண்டும் வரும். மாப்பிள்ளைக்கு இந்தியா மட்டும்தான், சிங்கப்பூரில் அவர் இருந்த மூன்று வாரம் கணக்கில் வராது. இப்போது வசிக்கிற நாட்டின் சான்றிதழ், விண்ணப்பத்தை அனுப்பும் நாளுக்கு முந்தைய 6 மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். விட்டு வந்த நாட்டுக்கு அந்தக் கெடு கிடையாது, அங்கே கடைசியாக வாழ்ந்த காலத்துக்குப் பிறகு வாங்கியிருந்தால் போதும். ஆகவே அமெரிக்காவுக்கு எஃப்.பி.ஐ. தரும் தாள் அலமாரியில் கிடந்தாலும் கெட்டுப்போகாது. நம் ஊர் பி.சி.சி., அதாவது போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ், கெட்டுப்போகும். விண்ணப்பிக்கச் சொல்லி கனடா அனுப்பும் அழைப்பு (ஐ.டி.ஏ.) வந்தபின் கையில் இருப்பது 60 நாள்தான். கடல் தாண்டிப் போய் வரவேண்டிய வேலையை அந்த 60 நாளுக்குள் திணிப்பானேன்?

எஃப்.பி.ஐ. வேலை பெரும்பாலும் உன் பத்து விரலில்தான் இருக்கிறது. முதலில் இணையத்தில் விண்ணப்பிக்கும் அவர்களுடைய இ.டி.ஓ. தளத்தில் மின்னஞ்சல் கொடுத்து, ஃபாரம் நிரப்பி, 18 டாலர் கட்டு. அங்கேயே கட்டிவிட்டால் பதில் மின்னஞ்சலில் பி.டி.எஃப். ஆக வரும், தபாலுக்குக் காத்திருக்க வேண்டாம். பணம் கட்டியதும் ஒரு உறுதிப்படுத்தும் மெயில் வரும். அதை அச்சடித்து ரேகை அட்டையோடு சேர்த்து, அதில் கொடுத்திருக்கும் மேற்கு வர்ஜீனியா முகவரிக்கு டிராக்கிங் உள்ள கூரியரில் அனுப்ப வேண்டும். ‘சேனலர்’ எனும் எஃப்.பி.ஐ. அனுமதித்த தனியார் நிறுவனம் மூலம் ஒரே நாளில் வாங்கித் தருகிறோம் என்று விளம்பரம் கண்ணில் படும். அந்த வழி அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும்தான். மாணவியாக இருந்துவிட்டு வந்த உனக்கு அது இல்லை, பணத்தைக் கொடுத்து ஏமாறாதே.

அட்டையின் பெயர் எஃப்.டி.-1164. சாதாரண வெள்ளைத் தாளில் அச்சடித்தாலே ஏற்றுக்கொள்கிறார்கள். மேலே பத்துக் கட்டம், ஒவ்வொரு விரலையும் உருட்டி வைக்க. கீழே இடது கை நான்கு விரல் சேர்த்து, வலது கை நான்கு விரல் சேர்த்து, நடுவில் இரண்டு கட்டைவிரல், இவை உருட்டாமல் நேராக அழுத்த. உருட்டுவது என்றால் நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, ஒரே ஓட்டத்தில். கட்டைவிரலை உடம்பை நோக்கியும் மற்ற விரல்களை உடம்பிலிருந்து வெளியேயும் உருட்டினால் கை முறுக்கிக்கொள்ளாது. இடையில் நிறுத்தித் திரும்ப உருட்டினால் ரேகை இரட்டிக்கும். விரலை நீயாக உருட்டாதே. கையைத் தளர்த்திக் கொடுத்துவிடு, எடுப்பவர் உருட்டட்டும். நாம் உதவி செய்வதாக நினைத்து அழுத்தும்போதுதான் மை இழுபடும்.

திருப்பி அனுப்பப்படும் அட்டைகளில் பெரும்பாலும் மைதான் குற்றவாளி. மை அதிகமானால் கோடுகளுக்கு இடையில் உள்ள பள்ளம் நிரம்பி, விரல் வெறும் கறுப்புப் பொட்டாகத் தெரியும். குறைந்தால் நடுச்சுழி விழும், ஓரங்கள் விழாது. வியர்வை இருந்தால் மை திட்டுத்திட்டாக ஒட்டும். சென்னை வெயிலில் வெளியிலிருந்து நேராகப் போய்க் கையை நீட்டாதே, சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்து, கொஞ்ச நேரம் ஃபேன் காற்றில் உட்கார். பாத்திரம் தேய்க்கிற கையில் ரேகை தேய்ந்துதான் இருக்கும். ஒரு வாரம் முன்பிருந்தே ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவு, எடுக்கும் நாளன்று மட்டும் வேண்டாம். எடுத்ததும் லென்ஸ் இருந்தால் வைத்துப் பார். கோடுகளைத் தனித்தனியாக எண்ண முடிந்தால் நல்ல அட்டை. ஒன்றோடு நிற்காமல் மூன்று அட்டை எடுத்து மூன்றையும் ஒரே உறையில் வை. ஒன்றில் விழாத விரல் இன்னொன்றில் விழுந்திருக்கும், அவர்களும் அப்படி அனுப்பத்தான் சொல்கிறார்கள். பயிற்சி உள்ள ரேகை எடுப்பவரிடமே போ. ஸ்டாம்ப் பேட் மையில் வீட்டிலேயே வைத்து அனுப்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே.

(ரேகையை வகைபிரித்து அடுக்கி வைக்கும் உலகத்தின் முதல் அலுவலகம் 1897இல் கல்கத்தாவில்தான் திறந்தது. அசீசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு வங்காளிகள் போட்ட கணக்கு அது. பெயர் என்னவோ மேலதிகாரி ஹென்றிக்குப் போய்விட்டது.)

அட்டையில் பெயர் எழுதும்போது கவனம். உன் பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி, கயல்விழி என்பது கிவன் நேமில் இருக்கிறது. அதனால்தான் அமெரிக்க விசாவில் உன் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்கு நகர்ந்து, முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ., அதாவது ‘முதல் பெயர் தெரியாது’ என்று உட்கார்ந்தது. நம் பக்கத்து ஒற்றைப் பெயர்க்காரர்கள் எல்லோருக்கும் உள்ள தொல்லை. கனடா ஃபாரத்தில் அந்த ஒரே பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டு, கிவன் நேமைக் காலியாக விடச் சொல்கிறார்கள். ரேகை அட்டையில் வேறு பெயர்களுக்கு என்று ஒரு கட்டம் உண்டு, எஃப்.என்.யூ. வடிவத்தையும் அப்பா பெயரோடு பல்கலைக்கழகத்தில் பதிந்த வடிவத்தையும் அங்கே எழுது. எஃப்.பி.ஐ. தேடுவது ரேகையை வைத்து, அதனால் பெயரால் அங்கே சிக்கல் வராது. சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்க்கும் கனடா அதிகாரிக்குத்தான் குழப்பம் வரும். அவருக்கு விளக்கக் கடிதத்தில் நாலு வரி எழுதிவிடு.

பதில் மெயிலில் ஒரு இணைப்பும் பின் எண்ணும் வரும். வந்தவுடன் பி.டி.எஃப்.-ஐ இறக்கி இரண்டு இடத்தில் சேமித்து வை. கைது விவரம் எதுவும் இல்லை என்ற வரி அதில் இருக்கும், கனடாவுக்கு அது போதும். அப்போஸ்டில் என்ற வெளிநாட்டுக்கான அத்தாட்சி முத்திரை குத்தித் தருகிறேன் என்று வருபவரைத் திருப்பி அனுப்பு.

இனி பி.சி.சி. அது பாஸ்போர்ட் அலுவலகம் கொடுப்பது. தமிழ்நாடு போலீஸ் தளத்தில் தனியாக ஒரு சரிபார்ப்புச் சேவை உண்டு, வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் அது உதவும். கனடாவுக்கு அதைப் போட்டுவிட்டுப் பிறகு முழிக்காதீர்கள். பாஸ்போர்ட் சேவா தளத்தில் கட்டணம் ஆளுக்கு 500 ரூபாய். முகவரி ஜி.ஓ.வி. டாட் இன் என்று முடிகிறதா என்று பார்த்துக் கட்டு, அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும் தளங்கள் நிறைய உலவுகின்றன. எந்த நாட்டுக்கு என்ற இடத்தில் கனடா என்று தேர்ந்தெடு. சான்றிதழில் அந்த நாட்டின் பெயரே அச்சாகும், நாளைக்கு மனசு மாறி ஆஸ்திரேலியா என்றால் புதிதாகத்தான் போட வேண்டும். பாஸ்போர்ட் எண்ணும் அச்சாகும். மாப்பிள்ளையின் பாஸ்போர்ட் காலாவதி நெருங்குகிறது என்றாயே, அவர் முதலில் அதைப் புதுப்பிக்கட்டும். பி.சி.சி. வாங்கிவிட்டுப் புதுப்பித்தால் பழைய எண்ணோடு நிற்க வேண்டியிருக்கும்.

இதில் சறுக்குகிற இடம் முகவரி. உன் பாஸ்போர்ட்டில் இருப்பது நம் மதுரை வீடு. நீங்கள் இருப்பது வேளச்சேரியில். “மதுரை முகவரியே போடுகிறேன், போலீஸ் வந்தால் அப்பா பார்த்துக்கொள்வார்” என்று உனக்குத் தோன்றும், எல்லோருக்கும் தோன்றுவதுதான். ஆனால் விசாரிக்க வருகிறவர் கேட்பது நீ நல்லவளா என்று இல்லை, நீ இங்கே இருக்கிறாயா என்று. எதிர் வீட்டில் கேட்டால் “அது சென்னைல இருக்குதுங்க” என்று உண்மையைச் சொல்வார்கள். ரிப்போர்ட்டில் ‘இந்த முகவரியில் வசிக்கவில்லை’ என்று விழுந்தால் ஃபைல் அங்கேயே படுத்துவிடும். அதை எழுப்ப மதுரைக்கும் சென்னைக்கும் அலைய வேண்டும்.

வேளச்சேரி முகவரியே போடு. அதற்கு ஆதாரம் இப்போதே தயார் செய். 11 மாதத்துக்கு எழுதி நோட்டரி வைத்த வாடகை ஒப்பந்தத்தை நம்பிப் போகாதே, அவர்கள் பட்டியலில் இருப்பது பதிவு செய்த ஒப்பந்தம். சுலபமான வழி, ஆதாரில் முகவரியை மாற்றிவிடுவது. கூடவே நடப்பில் உள்ள வங்கிக் கணக்குப் பாஸ்புக்கில் அதே முகவரி, அதே கதவு எண், அதே எழுத்துக்கூட்டல். ஆதாரில் ‘மெயின் ரோடு’ என்றும் பாஸ்புக்கில் ‘முதன்மைச் சாலை’ என்றும் இருந்தால்கூட ஒரு கவுன்டரில் நிறுத்துவார்கள். அப்படியும் பாஸ்போர்ட்டில் உள்ள முகவரிக்கு ஒரு விசாரணை வரலாம். இங்கே வந்தால் பிறந்து வளர்ந்தது இங்கே, இப்போது இருப்பது வேளச்சேரியில் என்றுதான் நாங்கள் சொல்வோம். அங்கே நீயும் அதையே சொல்.

பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் ஏ, பி, சி என்று மூன்று கவுன்டர். ஏ-யில் தாள்களை ஸ்கேன் செய்து, போட்டோவும் ரேகையும் எடுப்பார்கள். பி-யில் அசலைச் சரிபார்ப்பார்கள். சி-யில் முடிவு. அசல் பாஸ்போர்ட், அதன் முதல் இரண்டு, கடைசி இரண்டு பக்கங்களின் ஜெராக்ஸ் கையெழுத்துப் போட்டு, முகவரி ஆதாரம் அசலும் நகலும். தபால் அலுவலகக் கேந்திராக்களிலும் 2022 செப்டம்பரிலிருந்து பி.சி.சி.-க்கு வாங்குகிறார்கள். பெரிய கேந்திராவில் தேதி கிடைக்காவிட்டால் அங்கே பார். பழைய போலீஸ் ரிப்போர்ட் சுத்தமாக இருந்தால் சிலருக்கு உடனே கிடைத்துவிடும். முகவரி மாறிய உனக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்காது, ஸ்டேஷன் வழியாகத்தான் வரும்.

ஸ்டேஷனிலிருந்து அழைப்பு பெரும்பாலும் தெரியாத எண்ணிலிருந்துதான் வரும். ஸ்பேம் என்று வெட்டிவிடாதே. இரண்டு முறை கூப்பிட்டு எடுக்காவிட்டால் ‘ஆள் இல்லை’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். பாஸ்போர்ட் நகல், ஆதார் நகல், இரண்டு போட்டோ, அக்கம்பக்கத்தில் தெரிந்த இருவரின் பெயரும் போன் எண்ணும் ஒரு கவரில் போட்டுத் தயாராக வை. வீட்டுக்காரரிடமும் வாட்ச்மேனிடமும் முன்கூட்டியே சொல். ‘அப்படி யாரும் இங்கே இல்லையே’ என்று வாட்ச்மேன் சொல்லிக் கெட்ட ஃபைல்கள் உண்டு. இந்த விசாரணைக்கு ஸ்டேஷனில் கட்டக் கட்டணம் எதுவும் கிடையாது. டீச் செலவு என்று யாராவது இழுத்தால், ரசீது கொடுங்கள் என்று சிரித்துக்கொண்டே கேள்.

மாப்பிள்ளை கல்லூரிக் காலத்தில் மறியலில் உட்கார்ந்திருக்கிறார். வழக்குப் பதிவானதா என்று இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கச் சொல். இருந்து, முடிந்தும் போயிருந்தால் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளட்டும். வழக்கு முடிந்தாலும் போலீஸ் கணினியில் பெயர் நிற்கும். கனடா ஃபாரத்தில் அதைப் பற்றிய கேள்விக்கு உள்ளது உள்ளபடி பதில் எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால் 5 வருடம் விண்ணப்பிக்கவே முடியாது. ஒரு பழைய மறியல் வழக்கை மறைக்கப்போய் அதில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இரண்டும் கைக்கு வந்ததும் கலரில், பின்பக்கமும் சேர்த்து ஸ்கேன் செய். ஒரு ஃபைல் 4 எம்.பி.-க்குள் இருக்க வேண்டும். போனில் எடுத்த சாய்ந்த படம் வேண்டாம். 60 நாள் முடிகிற நேரத்தில் பி.சி.சி. மட்டும் வராமல் நின்றால், விண்ணப்ப ரசீதும் தளத்தில் காட்டும் நிலையின் படமும் விளக்கக் கடிதத்தோடு அந்த இடத்தில் ஏற்று. ஏற்பதும் மறுப்பதும் அதிகாரி கையில்தான், இருந்தாலும் காலியாக விடுவதைவிட மேல்.

எஃப்.டி.-1164 அட்டை ஆறு, அப்பா அச்சடித்துக் கொடுத்தார். முறுக்கு டப்பாவுக்கு அடியில் பிளாஸ்டிக் கவரில் இருக்கிறது, எண்ணெய் படுவதற்குள் எடுத்து வை. அப்புறம், பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு நீ வரும்போது எல்லோரும் மருதாணி வைப்பார்கள். கேந்திராவில் மெஷின் விரலைப் படிக்கத் திணறும். உள்ளங்கையோடு நிறுத்திக்கொள், விரல் நுனியில் வைக்காதே.

அன்புடன்,
அம்மா