என் போன எடுக்காத பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதறது.

போன்ல சொன்னா நீ சரிப்பா சரிப்பான்னு சொல்லி வச்சிடுவ, அதான் உக்காந்து டைப் பண்றேன், கடைய சாத்திட்டு ஷட்டர் வாசல்லயே உக்காந்துருக்கேன், மெதுவா பெங்களூர் ரூமுக்கு போயி படி.

நேத்து சாயங்காலம் ஆறரைக்கு நான் போன் பண்ணசொல்ல நீ வண்டியில இருந்த. எடுத்த. போன ஹெல்மெட்டுக்குள்ள சொருவிக்கினு பேசுறன்னு எனக்கு தெரியும், குரலு மூடுன பானைக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி வரும். தெரிஞ்சும் நான் பாட்டுக்கு அம்மாவுக்கு முட்டி வலி, இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா வந்துருக்கு, சித்தூர் மாமா வந்துட்டு போனாருன்னு பேசிக்கினே இருந்தேன். நடுவுல ஒரு ஆரன் சத்தம், பஸ்ஸு ஆரனு, ரொம்ப கிட்ட. அப்புறம் ரெண்டு செகண்டு உன் சத்தமே இல்ல. அப்பால "ஒண்ணும் இல்லப்பா, சொல்லு"ன்ன. நானும் விட்ட எடத்துலேர்ந்து கத்திரிக்கா கதைய சொன்னேன். ராத்திரி படுத்த பிறகுதான் அந்த ரெண்டு செகண்டு வந்து நெஞ்சுல உக்காந்துச்சு. தூக்கமே வரல.

தை மாசம் நம்ம கடைக்கு ஒரு வண்டி வந்துச்சு, உனக்கு சொல்லல. பொங்கல் முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும். ஸ்டேஷன்ல நின்னு, பிரேக் இன்ஸ்பெக்டர் பாத்து, ரிலீஸ் ஆயி, குட்டியானையில ஏத்திக்கினு வந்து எறக்குனாங்க. முன் ஃபோர்க்கு உள்ள மடங்கி இஞ்சின்ல ஒட்டிக்கினு இருக்கு, ரிம்மு எட்டு மாதிரி முறுக்கிக்கிச்சு, டேங்கு நசுங்கிடுச்சு. முப்பது வருசத்துக்கு மேல வேலூர் விருதம்பட்டுல ஸ்பேனர் புடிக்கிறேன், அடிபட்ட வண்டி வந்தா நான் மொதல்ல டயரத்தான் பாப்பேன். பயந்து போயி பிரேக்க முழுசா மிதிச்சா பின் சக்கரம் லாக்காயி தரதரன்னு இழுத்துக்கினு போவும், ரப்பர்ல ஒரே ஒரு எடத்துல பட்டையா தேஞ்சு தெரியும். அது பழைய வண்டி, சக்கரம் லாக் ஆவாம பாத்துக்கற ஏபிஎஸ் எல்லாம் கிடையாது, முழுசா மிதிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். சக்கரத்த சுத்தி சுத்தி பாத்தேன். அந்த அடையாளமே இல்ல பாப்பா. பிரேக்க முழுசா மிதிக்கவே இல்ல. எதிர்ல இருந்தது கண்ணுல படவே இல்லன்னு அர்த்தம்.

அந்த வண்டிய ஓட்டுன பையன் மோதுனது திருவலம் ரோட்டு ஓரமா நின்னுக்கினு இருந்த கரும்பு டிராக்டர் மேல. டிராக்டர்காரன் மேலயும் பெரிய தப்பு இருக்கு, நான் இல்லன்னு சொல்லல. ராத்திரியில லோடோட ரோட்ட அடைச்சு நிறுத்திட்டு, பின்னாடி ஒரு செவப்பு லைட்டு இல்ல, பளபளன்னு அடிக்கிற ஸ்டிக்கர் இல்ல, கரும்பு வேற ரெண்டு பக்கமும் துருத்திக்கினு நிக்குது. அந்த ஸ்டிக்கர் ஒட்ட என்னா பெரிய செலவு ஆயிடப் போவுது. அறுவடை சீசன்ல அந்தப் பக்கம் ராத்திரி போற எல்லாருக்கும் இந்த பயம் உண்டு. ஆனா அதே எடத்துல அதுக்கு முன்னாடி எத்தினியோ பேரு ஒதுங்கி போயிருக்காங்க, அவனால முடியல, ஏன்னா அவன் போன்ல இருந்தான்.

பையன் இருக்கான், உயிருக்கு ஒண்ணும் இல்ல. இடுப்பு எலும்பு உடைஞ்சு தலையிலயும் அடி, கட்டில்லதான் கெடக்கறான், ஆளு அடையாளம் தெரியுது, பேச்சு கொழறுது. வண்டி ஆடி மாசம் வரைக்கும் கடையோரமா தார்ப்பாய் போட்டு நின்னுச்சு. அப்புறம் அவங்க அப்பா வந்தாரு. ரெடி பண்ண எவ்ளோ ஆவும்னு கேட்டாரு, நான் சொல்றதுக்குள்ளயே வேணாம் மேஸ்திரி, காயலான் கடைக்கு போட்டுடுன்னாரு. டீ வாங்கிக் குடுத்தேன். டம்ளர கையில வச்சிக்கினு குடிக்கல. "என்கூடத்தான் பேசிக்கினு வந்தான். வரசொல்ல அரை கிலோ சக்கர வாங்கிக்கினு வாடான்னு சொன்னேன்"னாரு. அரை கிலோ சக்கர பாப்பா. வூட்டுக்கு வந்துட்டு அப்புறமா போயி வாங்கிக்கலாமே.

அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிட்டு அன்னிக்கு சாயங்காலமே உனக்கு போன் போட்டேன். நீ வண்டியிலதான் இருந்த. வைடான்னு நான் சொல்லல. உன் குரல கேட்டா போதும்னு இருந்துச்சு எனக்கு. அது என் தப்பு.

ப்ளூடூத் மாட்டிக்கிறேன்பான்னு சொல்லுவ. கை சும்மா இருக்கும், மனசு சும்மா இருக்காதே. நான் கத்திரிக்கா கதை சொன்னா நீ இலவம்பாடியில இருப்ப, ரோட்டுல இருக்க மாட்ட. 40ல போனா ஒரு செகண்டுக்கு 11 மீட்டர் வண்டி ஓடுது, கிட்டத்தட்ட நம்ம டவுன் பஸ்ஸு நீளம். நேத்து நீ பேசாம இருந்த அந்த ரெண்டு செகண்டுல ரெண்டு பஸ்ஸு நீளம் போயிருக்க. ஒருத்தன் குறுக்க வந்தத பாத்து கை பிரேக்குக்கு போறதுக்கே நல்லா முழிப்பா இருக்கறவனுக்கு ஒரு செகண்டு ஆவும், பிரேக்கு புடிச்ச பிறகு நிக்கறதுக்கு தனி தூரம், அதுவும் ஸ்பீடு ரெண்டு மடங்கு ஆனா நிக்கற தூரம் நாலு மடங்கு ஆவும். இத நான் கடைக்கு வர்ற காலேஜ் பசங்ககிட்ட சொன்னா அண்ணா என் வண்டில டிஸ்க் பிரேக்குன்றாங்க. டிஸ்க்கு வண்டிய நிறுத்தும், ஆனா மொதல்ல ஆளு பாக்கணும் இல்ல?

நம்ம ஊர்ல ரோட்டுல நடக்கற விபத்துல பாதி என் கடையிலதான் ஆரம்பிக்குதுன்னு எனக்கு இப்பதான் உறைக்குது. புது வண்டி எடுத்த ஒரே வாரத்துல வருவாங்க, அண்ணா மிரர கழட்டிடு லுக்கு போவுதுன்னு. கழட்டிக் குடுத்துருக்கேன். பின்னாடி வர்றது தெரியாம கிரீன் சர்க்கிள்ல சடார்னு வலது பக்கம் ஒடிப்பாங்க, பின்னாடி பஸ்ஸு வரும். பின் சக்கரத்துல சேல கார்டு இருக்கும், அதையும் கழட்ட சொல்வாங்க. புடவையோ துப்பட்டாவோ சக்கரத்துல சிக்கி பொம்பளைங்க எத்தினி பேரு விழறாங்க தெரியுமா, கம்பெனி சும்மாவா வச்சு அனுப்பறான், அது சட்டம். நீ துப்பட்டாவ முடிச்சு போட்டு மடியில சொருவிக்கினுதான் வண்டி எடுக்கணும், பின்னாடி உக்கார்ற உன் ரூம் பொண்ணுக்கும் சொல்லு.

அப்புறம் அந்த வெள்ள எல்இடி லைட்டு. கேக்கறவங்களுக்கெல்லாம் மாட்டி உட்டேன், நல்ல காசு அதுல. ஒரு நா ராத்திரி நான் லத்தேரி பக்கத்துலேர்ந்து வரசொல்ல எதிர்ல அதே மாதிரி லைட்டு போட்டு ஹை பீம்ல ஒருத்தன் வந்தான், கண்ணு ரெண்டும் போச்சு, ரோட்டு ஓரமா ஒரு பெரியவரு சைக்கிள தள்ளிக்கினு போறாரு, அவரு எனக்கு தெரியவே இல்ல, சைக்கிள் கேரியர்ல இருந்த பால் கேன் என் முட்டிய உரசிக்கினு போச்சு. மறுநாள்லேர்ந்து எவ்ளோ காசு குடுத்தாலும் அந்த லைட்டு மாட்டறது இல்ல. பக்கத்து கடைக்கு போயி மாட்டிக்கிறாங்கன்னு அம்மா திட்டறா. மாட்டிக்கட்டும்.

சத்துவாச்சாரி பக்கம் இப்ப நீ பாத்தா பயந்துடுவ. பெங்களூர் பைபாஸ் வண்டி எல்லாம் அம்பு மாதிரி போவுது, இவங்க சர்வீஸ் ரோட்டுல ராங் சைடுல வர்றாங்க, அரை கிலோமீட்டர் சுத்த சோம்பேறித்தனம். புள்ளய முன்னாடி நிக்க வச்சிக்கினு ராங் சைடுல வர்றவங்கள பாத்தா எனக்கு கை கால் ஒதறும். ரோடு போட்டவங்க மேலயும் தப்பு இருக்கு, பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கரு, மழைக்கு அப்புறம் பள்ளம், பாலம் ஓரத்துல மணலு, நடக்கறவங்க தாண்டறதுக்கு சரியான எடம் இல்ல. கேட்டுக்கினேதான் இருக்கணும். ஆனா அவங்க சரி பண்ற வரைக்கும் அந்த ரோட்டுலதான நம்ம புள்ளைங்க போவுதுங்க.

இன்னொண்ணு சொல்லணும், ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தது. உனக்கு 13 வயசு இருக்கசொல்ல நான்தான் ஸ்கூல் கிரவுண்டுல வச்சு வண்டி கத்துக் குடுத்தேன். ஒரே வாரத்துல கத்துக்கின. அப்புறம் கடைக்கு ஸ்பேர் வாங்க பாலாத்து பாலத்த தாண்டி உன்ன அனுப்புனேன், லைசன்ஸ் இல்ல, ஹெல்மெட் இல்ல, ரெட்ட ஜடையோட போவ. மெக்கானிக் பொண்ணுன்னா இப்படித்தான்னு எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிக்கினேன். அத பாத்து தெருவுல இன்னும் நாலு பேரு புள்ளைங்க கையில வண்டிய குடுத்தாங்க. இப்ப 2019ல சட்டத்த மாத்தி, சின்ன புள்ளைங்க ஓட்டி மாட்டுனா குடுத்த அப்பன் ஆத்தாளுக்கு 25,000 ரூபா ஃபைன், மூணு வருசம் வரைக்கும் ஜெயிலு, வண்டி ரிஜிஸ்டரும் ஒரு வருசம் கேன்சலுன்னு வச்சிருக்காங்க. அன்னிக்கே அந்த சட்டம் இருந்துருக்கணும். உனக்கு ஒண்ணும் ஆவாததுக்கு காரணம் என் கெட்டிக்காரத்தனம் இல்ல, சாமி புண்ணியம். உன்கிட்ட நான் மன்னிப்பு கேக்கணும், கேட்டுக்கறேன்.

ஹெல்மெட் நீ போடற, எனக்கு தெரியும். ஆனா போன தடவ வந்தப்ப பாத்தேன், கீழ பட்டி மாட்டல. பட்டி மாட்டாத ஹெல்மெட்டு விழசொல்ல உன் தலைக்கு முன்னாடி அது பறந்து போயிடும். நம்ம ஊர் வெயில்ல வேக்குது, முடி கொட்டுதுன்னு எல்லாரும் டேங்க் மேல வச்சிக்கினு போலீஸ பாத்தா மட்டும் தலையில கவுத்துக்கறாங்க. 2022ல நாடு முழுக்க ரோட்டுல செத்தவங்க 1,68,491 பேரு, அதுல ஹெல்மெட் போடாதவங்க மட்டும் அம்பதாயிரத்துக்கும் மேல, சென்ட்ரல் கவர்மெண்ட் ரிப்போர்ட்லயே இருக்கு. அதுல பின்னாடி உக்காந்து போனவங்க பதினாலாயிரத்துக்கும் மேல. உன் ரூம் பொண்ணுக்கு ஹெல்மெட் இருக்கா? இல்லன்னா நான் ஐஎஸ்ஐ போட்டதா ஒண்ணு வாங்கி கத்திரிக்கா பைகூட பஸ்ஸுல அனுப்பறேன், ரோட்டோரம் விக்கிற தொப்பி மாதிரி ஐட்டம் வேணாம்.

பெங்களூர் ட்ராபிக் உனக்குதான் தெரியும், நான் என்னா சொல்ல. மூணே மூணு விஷயம் மட்டும் மெக்கானிக்கா சொல்றேன். உன் ஸ்கூட்டர்ல இடது கை பிரேக்க புடிச்சா ரெண்டு சக்கரமும் சேந்து புடிக்கும், 2019 ஏப்ரல்லேர்ந்து 125 சிசி வரைக்கும் புது வண்டிக்கு எல்லாம் அது கட்டாயம் ஆயிடுச்சு, ஆனா அவசரத்துல ரெண்டு கையாலயும் புடிச்சு பழகு. முன் பிரேக்கு புடிச்சா தூக்கி போட்டுடும்னு பயந்து வாழ்நாள் பூரா பின் பிரேக்க மட்டும் புடிக்கிறாங்க, ஆனா பிரேக்கு புடிக்கசொல்ல வெயிட்டு எல்லாம் முன் சக்கரத்து மேலதான் வருது, நிறுத்தறதே அதுதான். ஒரே அமுக்கா அமுக்காம, ஹேண்டில் நேரா இருக்கசொல்ல அழுத்திப் புடி. இன்னொண்ணு, சிக்னல்ல லாரிக்கோ பஸ்ஸுக்கோ இடது பக்க சந்துல போயி நிக்காத. மேல உக்காந்துருக்க டிரைவருக்கு நீ தெரிய மாட்ட, அவன் இடது பக்கம் திரும்பசொல்ல பின் சக்கரம் உள்ள வாங்கி வரும். மழை ஆரம்பிச்ச மொதல் பத்து நிமிஷம் எங்கயாவது ஓரமா நில்லு, ரோட்டுல இருக்கற ஆயிலு தண்ணியோட சேந்து அப்பதான் வழுக்கும்.

இனிமே நான் சாயங்காலம் போன் பண்ண மாட்டேன். அம்மாகிட்டயும் சொல்லிட்டேன், மொதல்ல மூஞ்ச தூக்கி வச்சிக்கினா, அந்த அரை கிலோ சக்கர கதைய சொன்ன உடனே ஒண்ணும் பேசல, எழுந்து உள்ள போயிட்டா. ராத்திரி எட்டரைக்கு நீ ரூமுக்கு போயி மொகம் கழுவிட்டு நீயே பண்ணு. லேட்டானா ஒம்பதுக்கு பண்ணு, பத்துக்கு பண்ணு, நாங்க முழிச்சிக்கினு இருப்போம். நடுவுல எது ஆனாலும் நான் மெசேஜ்தான் போடுவேன். அதையும் மீறி நான் கூப்புட்டுட்டேன்னா, நீ வண்டியில இருந்தா எடுக்காத. பத்து வாட்டி அடிச்சாலும் எடுக்காத. ஓரமா ஸ்டாண்டு போட்டு, சாவிய புடுங்கி கையில வச்சிக்கினு, அப்புறம் பண்ணு. கோச்சிக்க மாட்டேன்.

உன் ஸ்கூட்டர் 18,000 கிலோமீட்டர் தாண்டியிருக்கும்னு நெனைக்கிறேன். பின் டயர நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பு. பள்ளத்துக்குள்ள சின்னதா ஒரு மேடு தெரியும், அந்த மேட்டுக்கு சமமா ரப்பர் தேஞ்சிருந்தா வண்டிய எடுக்காத, அந்த வாரம் மெட்ரோவுல போ, நான் ஞாயித்துக்கெழம டயரும் டூல்ஸும் எடுத்துக்கினு காலையில ட்ரெயின்ல வந்துடறேன்.

அப்பா