விசாரணைக் கைதிகள்: மூன்றில் ஒரு பங்கு விதி முடங்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-வது பிரிவு இன்னும் பல குடும்பங்களுக்குத் தெரியவில்லை. இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர், குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகச் சிறையில் கழித்துவிட்டால், நீதிமன்றம் அவரைப் பிணைப்பத்திரத்தில் விடுவிக்க வேண்டும். சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு. ஆகவே 1 ஆண்டு போதும். வீடு புகுந்து திருடிய வழக்கு என்றால் 7 ஆண்டு, கணக்கு 2 ஆண்டு 4 மாதம். முன்பு தண்டனை பெற்றவர்களுக்கு அதிகபட்சத் தண்டனையில் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது.

காலம் முடிந்ததும் சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும் என்கிறது சட்டம். சிக்கல் இங்கேதான். ரிமாண்ட் உத்தரவில் ஒரு பிரிவு, குற்றப்பத்திரிகையில் வேறு பிரிவு என்றிருந்தால் எதை வைத்துக் கணக்கிடுவது? முந்தைய தண்டனை இல்லை என்ற தகவல் காவல் நிலையத்திலிருந்து வரத் தாமதமானால் மனுவும் தாமதமாகும். இதைவிடக் கடுமையானது உட்பிரிவு 2: ஒன்றுக்கு மேற்பட்ட குற்றமோ வழக்கோ நிலுவையில் இருந்தாலே இந்தச் சலுகை கிடையாது. ஒரே சம்பவத்தில் பல பிரிவுகள் சேர்க்கப்பட்டவர்களும் இதில் மாட்டுகிறார்கள். நாடாளுமன்றம் இதைத் திருத்த வேண்டும்.

2024 ஜூலைக்கு முன் பதிவான வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் தெளிவுபடுத்திவிட்டது. குடும்பத்தினர் முதல் ரிமாண்ட் தேதி, வழக்கு எண், பிரிவுகள் மூன்றையும் குறித்துக்கொண்டு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். இலவச உதவி எண் 15100.

இப்படிக்கு,
வாசகர்