தோட்டத்துப் பாட்டு வெறும் புலம்பல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமூக நீதி, தொழிலாளர் வரலாறு, நாட்டார் பாடல், கவிதை ஆகிய நான்கையும் ஒரே அமர்வில் வைத்துப் பேசிய உரையாடலைத் தங்கள் இதழில் படித்தேன். 1915 இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட ஜோ ஹில் என்ற தொழிற்சங்கப் பாடகரைப் பற்றிய பகுதி விரிவாகவும் நேர்மையாகவும் அமைந்திருந்தது. ஆனால் தோட்டவேலைக்காகத் தமிழகத்திலிருந்து இலங்கையின் மலைநாட்டுக்குச் சென்று குடியேறிய மலையகத் தமிழரின் பாடல்களுக்கு ஒரே ஒரு பத்திதான் கிடைத்தது. அந்தப் பத்தியும், அவை ஆற்றாமையால் எழுந்த புலம்பல்கள் என்றும், எதிர்ப்புணர்வு தொழிற்சங்கம் வந்த பிறகு வெளியிலிருந்து ஊட்டப்பட்டது என்றும் தீர்ப்புச் சொல்லி முடிந்துவிட்டது. அந்தத் தீர்ப்பை ஏற்க இயலாமல்தான் எழுதுகிறேன்.

மலையகத்தில் பரவலாக அறியப்பட்ட ஒரு பாட்டை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கோணக்கோண மலையேறி
கோப்பிப் பழம் பறிக்கையிலே
ஒரு பழம் தப்பிச்சுன்னு
ஒதச்சானையா சின்னத்தொரை

சின்னத்தொரை என்பவர் தோட்டத்தின் உதவி மேலாளரான வெள்ளைக்காரர். இதில் வருவது தேயிலைக் கொழுந்து அல்ல, கோப்பிப் பழம், அதாவது காப்பிப் பழம் என்பதைக் கவனிக்க வேண்டும். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரத் துரை லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டார். 1869 இல் கோப்பிச் செடிகளில் இலைநோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்கள் ஏறக்குறைய முழுதும் அழிந்து, மலைகள் தேயிலைக்கு மாறின. கோப்பி ஒழிந்து தலைமுறைகள் கடந்தபின் பழம் பறிப்பதைப் பற்றி யாரும் புதிதாகப் பாட்டுக் கட்டியிருக்க வாய்ப்பில்லை. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று சங்கம் அமைத்ததோ 1931 இல். ஆக, சங்கம் பிறப்பதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்னரே, செய்த வேலை எது, பிழை என்று சொல்லப்பட்டது எது, கிடைத்த தண்டனை எது, அதைக் கொடுத்தவர் யார் என்பதை நான்கே வரிகளில் ஒருவர் பதிந்து வைத்துவிட்டார். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் கொடுத்த முறைப்பாடு இது. அன்றைக்கு அதை வாங்கிக்கொள்ள ஒரு நீதிமன்றம் இருக்கவில்லை என்பதற்காக அது புலம்பல் ஆகிவிடாது.

இன்னொன்று:

எண்ணிக் குழிவெட்டி
இடுப்பொடிஞ்சு நிக்கையிலே
வெட்டு வெட்டு எங்கிறானே
வேலையத்த கங்காணி

கன்று நடுவதற்கான குழிகளை எண்ணிக் கணக்குக் கொடுத்தாக வேண்டும் என்ற வேலைமுறை முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. வேலை செய்பவள் இடுப்பொடிந்து நிற்க, வேலையில்லாதவன், அதாவது ஆட்களை மேற்பார்க்கும் கங்காணி, வெட்டு என்கிறான். இதில் இருப்பது நையாண்டி. பக்கத்து நிரையில் நிற்பவள் கேட்டுச் சிரிக்க வேண்டும் என்பதற்காகவே கட்டப்பட்ட பாட்டு என்றுதான் எனக்குப் படுகிறது.

உரையாடலில் கலந்துகொண்ட ஒருவர், இந்தப் பாடல்கள் கங்காணியையே திட்டுகின்றன, முதலாளியைக் காணத் தவறுகின்றன என்று குறைப்பட்டிருந்தார். கங்காணி முறை இயங்கிய விதத்தை அறிந்தால் இந்தக் குறை நிற்காது. ஊரிலிருந்து ஆள்சேர்த்து அழைத்து வந்தவர் கங்காணி. வழிச்செலவு முதல் அரிசி வரை முன்பணமாகக் கொடுத்து அதைத் தொழிலாளியின் கடனாக எழுதியவரும் அவரே. வேலைக்கு வந்த ஆட்களின் தலையை எண்ணித் தோட்டத்திடம் காசு வாங்கியவரும் அவரே. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், இன்ன தொகையைக் கட்டினால் இந்தக் கூட்டத்தை விடுவிக்கலாம் என்று துரை எழுதித் தரும் 'துண்டு' வேண்டும். புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டும், அது மறுபடியும் தொழிலாளியின் தலையிலேயே ஏறும். 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை நடைமுறையில் இருந்த ஏற்பாடு இது. லண்டனில் இருந்த பங்குதாரரைத் தொழிலாளி ஒருநாளும் கண்டதில்லை. தன்மேல் பட்ட கையை அவள் பெயர் சொல்லிப் பாடினாள். மேலும், கங்காணியோடு அவள் நிறுத்திக்கொள்ளவும் இல்லை. கங்காணிக்கு மேலே வேலையைக் கண்காணித்த கண்டாக்கையாவும் சின்னத்துரையும் இந்தப் பாட்டுகளில் தப்பவில்லை.

தோட்டங்களைப் பற்றி எழுதப்பட்ட ஆவணங்களில் மிகப் பெரும்பாலானவை துரைமாரும் அதிகாரிகளும் எழுதியவை. எத்தனை ஏக்கர், எத்தனை இறாத்தல், எத்தனை ஆள் என்ற கணக்கு அவற்றில் கிடைக்கும். அந்த ஆட்களின் பக்கத்திலிருந்து நமக்கு எஞ்சியிருப்பது பெரும்பாலும் பாட்டுத்தான். எனவே வரலாறு எழுதுகிறவர்கள் இதை இலக்கிய நயத்துக்காக மேற்கோள் காட்டிவிட்டு நகர்ந்துவிடாமல், நிருவாக அறிக்கையைப் படிக்கும் அதே கண்டிப்போடு படிக்க வேண்டும் என்பது என் கருத்து. இன்னொரு பாட்டு, கோப்பிக் கன்று போட்ட மலையைக் கைகாட்டி, "அண்ணனைத் தோத்த மலை அந்தா தெரியுது பார்" என்கிறது. காடழித்த காலத்தில் காய்ச்சலிலும் வழிநடையிலும் மாண்டவர்களுக்குக் கல்லறைகள் இல்லாத இடத்தில், இன்ன மலையில் இன்னார் போனார் என்று காட்டும் குறிப்பு அதுதான்.

ஒப்பாரியின் வடிவில் இருப்பதாலேயே ஒரு பாட்டைப் புலம்பல் என்று ஒதுக்குவதும் சரியல்ல. நம் ஊர்களில் ஒப்பாரி சொல்லும் பெண், இறந்தவரைப் பாடும்போதே தன்னை வஞ்சித்த நாத்தியையும் பங்காளியையும் சபையறிய இழுத்து வைத்துக் கேட்பதை அறியாதவர் யார்? பிற நேரங்களில் பெண்ணுக்குக் கிடைக்காத பேச்சுரிமை சாவுவீட்டில் கிடைக்கிறது. அந்த உரிமையைத்தான் அவள் கடல் கடந்து லயத்துக்கும், அதாவது தோட்டத்து வரிசைக் குடியிருப்புக்கும், கொண்டுபோனாள். அவளுக்குக் காரணங்களும் இருந்தன. 1927 ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச நாட்கூலி, உயர்ந்த மலைப்பகுதியில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். கொழுந்து பறிக்கும் வேலையின் பெரும்பகுதியைச் செய்த பெண்களுக்கு ஆணுக்கு இணையான கூலி 1984 இல்தான் வந்தது. இந்தக் கூலி வேறுபாட்டைப் பற்றி உரையாடலில் ஒரு சொல்லும் இல்லாததைச் சிறிய விடுபடலாக என்னால் கருத முடியவில்லை.

நடேசய்யரைக் குறிப்பிட்ட இடத்தில் மீனாட்சி அம்மையார் 'அவரது துணைவியார்' என்ற அளவில் நின்றுவிட்டது அதைவிடப் பெரிய விடுபடல். தோட்டங்களுக்குள் வெளியார் நுழைவதே குற்றமாக இருந்த காலத்தில், துணி விற்பவராக வேடமிட்டு நடேசய்யர் உள்ளே போய்வந்த கதை பலருக்கும் தெரியும். கூட்டம் கூடிய பிறகு பாரதியின் பாடல்களைப் பாடி மக்களை உட்காரவைத்துக் கேட்கச் செய்தவர் மீனாட்சி அம்மையார். பாடியதோடு நில்லாமல் தாமே பாட்டுக் கட்டினார். இந்தியத் தொழிலாளரை நாட்டைவிட்டு வெளியேற்ற வேண்டும் என்ற குரல் இலங்கையில் ஓங்கியிருந்த வேளையில், 1940 இல், அப்பாடல்களைச் சிறுநூலாக வெளியிட்டார். முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி காவல்துறையின் துப்பாக்கிக்கு இரையானதும் அதே ஆண்டு சனவரியில்தான். கிறித்தவத் தேவாலயப் பாடல்களின் மெட்டில் ஜோ ஹில் தொழிற்சங்கச் சொற்களை ஏற்றியதை வியந்து ஒரு பக்கம் எழுதிய தங்கள் இதழ், நம் மொழியில் மேடையேறிப் பாட்டையே சங்கப் பணியாகச் செய்த ஒரு பெண்ணுக்கு இன்னும் சில வரிகள் கொடுத்திருக்கலாம்.

எல்லாப் பாட்டும் கலகப் பாட்டு என்று நான் வாதாட வரவில்லை. காதலும் கேலியும் தாலாட்டும் கும்மியும் நிறைய உண்டு. காமன் கூத்தும் பொன்னர் சங்கர் கூத்தும் தனி உலகங்கள். எதிர்ப்பை மட்டும் பொறுக்கியெடுத்து மற்றவற்றைத் தள்ளுகிற தொகுப்பாளரும் புலம்பலை மட்டும் பொறுக்குகிறவர் செய்யும் அதே தவற்றைத்தான் வேறு திசையில் செய்கிறார்.

இந்தப் பாடல்கள் நமக்குக் கிடைத்ததற்குப் பெரிதும் நன்றி சொல்ல வேண்டியவர் சி.வி. வேலுப்பிள்ளை. மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் வென்ற ஏழு பேரில் ஒருவராகத் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர். அவரைத் தேர்ந்தெடுத்த மக்களில் பெரும்பாலோர் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று. ஆங்கிலத்தில் கவிதை எழுதிய அவர் லயங்களில் வழங்கிய பாட்டுகளைத் தேடித் தொகுத்தார். இக்காலத்தில் தொகுக்க முனைவோர் யார் பாடியது, எந்தத் தோட்டம், எந்த வேலையின்போது பாடியது, எந்த மெட்டு என்பதையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். பாட்டைச் சாட்சியமாகக் கொள்ள வேண்டுமானால் சாட்சியின் பெயரும் இடமும் தெரிந்தாக வேண்டும் அல்லவா?

இறுதியாக, தமிழ்நாட்டிலேயே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், இப்படி நாடற்றவரான மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்றது. அதன்படி தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களில் பலர் நீலகிரியில், அரசுத் தேயிலைத் தோட்டங்களான டான்டீயிலும் பிற இடங்களிலும் குடியமர்ந்தனர். எங்கள் கூடலூர் வட்டாரத்திலும் கோத்தகிரிப் பக்கத்திலும் இந்தப் பாட்டுகளை முழுதாகச் சொல்லக்கூடிய மூதாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். தஞ்சை, கொங்கு, நெல்லை என்று வட்டாரம் வட்டாரமாக வந்துள்ள நாட்டார் பாடல் தொகுப்புகளில் நான் பார்த்தவரை இவர்களுடைய பாட்டுக்கு இடமில்லை. இலங்கைக்காரர் பாட்டு என்று இங்கே விடப்படுகிறது, இந்தியாவுக்குப் போய்விட்டவர்கள் என்று அங்கே விடப்படுகிறது. தங்கள் இதழ் ஒரு செய்தியாளரையோ ஆய்வு மாணவரையோ ஒலிப்பதிவுக் கருவியோடு இங்கே அனுப்பினால், பாடுகிறவர்களின் வீடுகளுக்கு அழைத்துச் செல்ல இங்குள்ள இளைஞர்கள் அணியமாக உள்ளனர். கொழுந்து அதிகம் விளையும் மழைக்காலத்தைத் தவிர்த்து, தோட்டத்தில் வேலை குறைந்திருக்கும் சனவரி, பிப்ரவரி மாதங்களில் வந்தால் அவர்களுக்கும் வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.