காட்பாடி ஸ்டேஷனில் வந்து இறங்குகிறவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரிக்கு வடக்கேயிருந்து வரும் நோயாளிகள் கூட்டத்தால் வேலூரில் நடக்க இடமில்லை, வீட்டு வாடகை ஏறிவிட்டது, நம்ம ஊர் நம்ம ஊராகவே இல்லை என்று சென்ற வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார். நெரிசல் உண்மைதான், காலை 8 மணிக்கு அந்த ஆஸ்பத்திரி இருக்கும் ஐடா ஸ்கடர் ரோட்டில் நடந்து பார்த்த யாரும் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. நான் காட்பாடியில் இருக்கிறேன், பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவள். என் சபை மக்களும் இதைப் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஹவுரா ரயில் வந்து நிற்கும் நேரத்தில் காட்பாடி பிளாட்பாரத்தில் ஒரு பத்து நிமிஷம் நின்று பாருங்கள். ஒரு பகல், ஒரு ராத்திரி எல்லாம் தாண்டி உட்கார்ந்தே வந்த ஜனங்கள், வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா, வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து இறங்குவார்கள். ஒரு கையில் நோயாளி, இன்னொரு கையில் எக்ஸ்ரே கவரும் பழைய ரிப்போர்ட்டும் வைத்த பிளாஸ்டிக் பை. நிலத்தை விற்றோ கடன் வாங்கியோ வந்திருப்பார்கள். இங்கே பேசுகிற ஒரு வார்த்தையும் அவர்களுக்குப் புரியாது. பாலாற்றுப் பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்கு 6, 7 கிலோமீட்டர்தான், நமக்கு அது ஒன்றுமே இல்லை, அவர்களுக்கு அந்தக் கடைசித் தூரம்தான் பெரிய பயம். எவ்வளவு கேட்டாலும் கொடுத்துவிட வேண்டியதுதான், எங்கே இறக்கிவிட்டாலும் இறங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆராதனைக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாகப் போய்க்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாப்பில் ஒரு கணவன் மனைவி, முப்பது வயசுகூட இருக்காது, மடியில் ஒரு குழந்தை. அந்தப் பையன் ஒரு காகிதத்தை நீட்டி என்னவோ கேட்டான். நான் கையை அசைத்து, தெரியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். தெரியாமல் இல்லை. அந்தக் காகிதத்தில் இருந்தது ஆஸ்பத்திரி பெயர், எந்தப் பஸ் போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முதல் மணி அடித்துவிட்டதே என்ற அவசரம், அவ்வளவுதான். கோயிலில் பாட்டு பாடினேன், காணிக்கை போட்டேன், எல்லாம் செய்தேன், அந்தக் குழந்தையின் வாடிய முகம் கண்ணை விட்டுப் போகவே இல்லை. முடிந்ததும் ஓட்டமாக வந்து பார்த்தேன். இல்லை. அவர்கள் எப்படிப் போனார்கள், அந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஓய்வுநாள் பாடசாலையில் (சண்டே ஸ்கூலில்) 20 வருஷம் நல்ல சமாரியன் கதையை, கள்ளர்கள் அடித்து வழியில் போட்டுவிட்டுப் போன ஒருவனுக்கு உதவிய வழிப்போக்கனைப் பற்றி இயேசு சொன்ன கதையை, சொல்லிக்கொடுத்தவள் நான். அதற்கப்புறம் அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன், அதுவரை கண்ணில் படாத ஒன்று அப்போதுதான் பட்டது. அந்தச் சமாரியன் தன் பிரயாணத்தை ரத்து செய்யவில்லை. காயத்தைக் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் ஒரு ராத்திரி கூட இருந்து பார்த்துக்கொண்டான், மறுநாள் சத்திரக்காரன் கையில் இரண்டு பணத்தைக் கொடுத்து, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான். ஒரு ராத்திரி, இரண்டு பணம், ஒரு வாக்கு. இயேசு நம்மிடம் கேட்டது இந்த அளவுதான் என்றால், எனக்கு வசதியில்லை, நேரமில்லை, நான் என்ன டாக்டரா என்று நாம் யாரும் சொல்ல முடியாது.

அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் காலையில் ஸ்டேஷனுக்குப் போகிறேன். பெரிய ஊழியம் ஒன்றும் கிடையாது. ஆஸ்பத்திரி, லாட்ஜ், மருந்துக்கடை, பஸ் நம்பர், ஆட்டோவுக்கு நியாயமான கட்டணம் எவ்வளவு என்று வங்காளத்திலும் இந்தியிலும் எழுதிய ஒரு சின்னக் காகிதம், அதை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். வங்காளத்தில் எழுதிக் கொடுத்தது ஒரு லாட்ஜில் தங்கியிருந்த கல்லூரி மாணவி, அம்மாவின் ஆபரேஷனுக்காக வந்திருந்த பெண். ஜோல் என்றால் தண்ணீர், பாத் என்றால் சோறு, கொத்தாய் என்றால் எங்கே, இப்படிக் கொஞ்சம் வார்த்தைகளும் அவளிடம்தான் கற்றுக்கொண்டேன். "மாஷி" என்று கூப்பிடுகிறார்கள். நம்ம சித்தி, பெரியம்மா மாதிரி, அம்மாவோடு பிறந்தவள் என்று அர்த்தமாம். அந்த ஒரு வார்த்தைக்காகவே காலையில் 5 மணிக்கு எழுந்திருக்கலாம்.

இந்த ஆஸ்பத்திரி எப்படி வந்தது என்பதை நம் பிள்ளைகள் மறந்துவிடக் கூடாது. ஐடா ஸ்கடர் அம்மா 1870-ல் நம்ம ராணிப்பேட்டையில் பிறந்தவர். டாக்டராகும் எண்ணமே இல்லாமல், திண்டிவனத்தில் இருந்த அப்பா அம்மாவைப் பார்க்க வந்திருந்தபோது, ஒரே ராத்திரியில் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள், ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவரும் இந்துதான். மூன்று பேருக்கும் வீட்டில் மனைவி பிரசவ வேதனையில். ஆண் டாக்டர் தொடக் கூடாது என்பதால் டாக்டரான அப்பா வருகிறேன் என்று சொல்லியும் சம்மதிக்கவில்லை, ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதற்கப்புறம்தான் அமெரிக்கா திரும்பிப் போய் 1899-ல் டாக்டராகி, 1900-ல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் வந்துவிட்டது. தட்டிய மூன்று பேரும் அவருக்கு முன்பின் தெரியாதவர்கள். கூட்டத்தால் ஊர் கெட்டது என்று எழுதிய வாசகருக்கும் இதைத்தான் சொல்ல விரும்புகிறேன், இந்த ஊருக்கு உலகமெங்கும் பெயர் வந்ததே முகம் தெரியாதவர்களுக்குக் கதவைத் திறந்ததால்தான்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிற மற்ற மதத்து அன்பர்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். என் பையில் மதப் பிரசாரத் துண்டுப்பிரதி கிடையாது. தண்ணீர் பாட்டிலோடு ஒரு நோட்டீஸையும் கொடுங்கள், ஊழியமாகவும் இருக்கும் என்று சபையில் சிலர் சொன்னார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. நோயோடும் பயத்தோடும் நிற்கிறவர் கையில் அதைத் திணித்தால் வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியாது. வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்று சொன்னவரின் பெயரால் செய்கிறேன், அவருக்குத் தெரிந்தால் போதும். நான் தினமும் ஜெபிக்கிறேன், வீட்டில் ஜெபிக்கிறேன், அந்தப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன்.

இந்த இரக்கம் எங்களுக்கு மட்டும் சொந்தமும் இல்லை. ஸ்டேஷன் வாசலில் ஓர் ஆட்டோக்காரத் தம்பி, முஸ்லிம், புற்றுநோய்க்குக் கீமோ சிகிச்சைக்கு வருகிறவர்களிடம் வாங்குகிற காசில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஏன் தம்பி என்று கேட்டால், "எங்கம்மாவும் இதே வியாதியிலதான் போச்சு மேடம்" என்பார். அவரிடம் நான் கற்றுக்கொண்டது நிறைய.

டிசம்பர் வருகிறது. கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடப் போகும் கீத பவனிக்கு வண்டி பேசுவார்கள், சபையார் வீடு வீடாகப் போவார்கள், கேக்கும் முறுக்கும் வரும். போகட்டும், நானும் போவேன். ஆனால் அந்த நாட்களில் காந்தி ரோட்டுப் பக்கத்து லாட்ஜுகளில், ஊரை விட்டு வந்து, அறையிலேயே சோறு பொங்கிக்கொண்டு, ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிறவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். வாலிபர் சங்கத்துத் தம்பிகளே, ரத்தம் கொடுக்க ஆள் இல்லாமல் தவிக்கிற குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. உடம்பு நன்றாக இருக்கிற ஆண்பிள்ளை 3 மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம், ஊசி குத்துகிற வலி அரை நிமிஷம். பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகளே, துணைக்கு வந்து தனியாக உட்கார்ந்திருக்கிற பெண்ணோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள், பாஷை தேவைப்படாது. நோயாளிக்கு மட்டும் டாக்டரைக் கேட்காமல் எதையும் சாப்பிடக் கொடுக்காதீர்கள், துணைக்கு வந்தவருக்கு ஒரு டம்ளர் டீ போதும்.

ரயில்வேக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஸ்டேஷன் வாசலில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி, வங்காளத்திலும் இந்தியிலும் ஆட்டோக் கட்டணமும் பஸ் நம்பரும் பெரிய எழுத்தில் எழுதி வைத்தால், என் ஜெராக்ஸ் காகிதத்துக்கே வேலை இருக்காது.

போன வாரம் கடிதம் எழுதிய வாசகர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அவருக்கு முடிந்தால் ஒரு செவ்வாய்க்கிழமையோ வெள்ளிக்கிழமையோ காலையில் காட்பாடி ஸ்டேஷனுக்கு வரட்டும், டிக்கெட் கவுண்டர் பக்கம் நீலக் குடையோடு நிற்பேன். பை தூக்க இன்னொரு ஆள் எப்போதும் தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
காட்பாடி.