சாக்கு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்

கேரள, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தலைவர்களுக்கு வணக்கம்.

மீனாட்சிபுரம், கோபாலபுரம், வேலந்தாவளம் என்று உங்கள் வரைபடத்தில் சோதனைச்சாவடிகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே தென்னந்தோப்புகளுக்குள் புகுந்து போகும் வழிகள் எத்தனை என்று எங்கள் ஊர்ப் பால்காரரைக் கேட்டால் சொல்வார். ராத்திரி ரெண்டு மணிக்கு மேல் கேரளாவிலிருந்து கழிவு லாரி வருவது அந்த வழிகளில்தான்.

பொள்ளாச்சி, உடுமலை, ஒட்டன்சத்திரம் சந்தைகளிலிருந்து காய்கறியும், பல்லடம் பக்கமிருந்து கறிக்கோழியும் தினமும் கேரளாவுக்குப் போகின்றன. திரும்பும் வண்டி காலி. டீசல் காசாவது தேறட்டும் என்று டிரைவர் ரிட்டர்ன் லோடு தேடுகிறார். அங்கே கழிவை அள்ள ஒப்பந்தம் எடுத்தவருக்கோ, முறையாகச் சுத்திகரிப்பதைவிட இது மலிவு. இந்தப் பக்கம் ஒரு புரோக்கர், அப்புறம் கைவிட்ட பாறைக்குழியோ செங்கல் சூளைப் பள்ளமோ வைத்திருக்கும் ஒரு தோட்டக்காரர். மலையாளிகளை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. குழியைக் காட்டிக் காசு வாங்குவது நம்மாள்தான்.

அப்படி ஒரு பாறைக்குழியில் ஊர்க்காரர்கள் மூட்டையைக் கிழித்தபோது நானும் நின்றிருந்தேன். மேலாக்கப் பிளாஸ்டிக் கவர், பிய்ந்த செருப்பு, டயப்பர். அடியில் ட்ரிப் பாட்டில்கள், குழாயோடு ரத்தப்பை, மூடி போடாத ஊசிகள். மருத்துவக் கழிவுக்கென்று உள்ள மஞ்சள் பைக்குள் போயிருக்க வேண்டிய ரத்தப் பஞ்சு, சிமெண்ட் சாக்கில் கிடந்தது. நோயாளியின் பெயரும் வார்டும் எழுதிய பரிசோதனைச் சீட்டுகூட இருந்தது. பக்கத்துத் தோட்டத்துக் கிணறு அங்கிருந்து கூப்பிடு தூரம். போலீஸ் வந்தது, டிரைவர் மேல் வழக்கு, வண்டிக்கு அபராதம். சீட்டில் பெயர் இருந்த மருத்துவமனையை யாராவது போய்க் கேட்டதாக ஊரில் ஒருவருக்கும் தகவல் இல்லை.

கேட்க முடியாத விஷயமும் இல்லை. 2024 டிசம்பரில் திருநெல்வேலி நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கொட்டிய மருத்துவக் கழிவு திருவனந்தபுரத்திலிருந்து வந்தது என்று தெரிந்தது. பசுமைத் தீர்ப்பாயம் மூன்று நாள் கெடு விதித்தது, கேரள அதிகாரிகளே வந்து அள்ளிப் போனார்கள். எங்கள் குழிக்கும் அதே மரியாதை வேண்டும்.

கேரள வாரியத் தலைவர் ஐயா, உங்கள் பக்கத்துச் சிரமம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. அங்கே வீடுகள் நெருக்கம், குப்பை ஆலைக்கு எந்த ஊரும் சம்மதிக்காது. திருவனந்தபுரத்துக் குப்பை போன விளப்பில்சாலை ஆலையை 2011-ல் ஊராட்சியே பூட்டியது. பிரம்மபுரம் குப்பைக்கிடங்கு 2023 மார்ச்சில் பற்றியெரிந்து கொச்சியே மூச்சுத் திணறியது. ஆனால் மருத்துவக் கழிவுக்கு இந்தச் சாக்கு செல்லாது. அதைச் சுத்திகரிக்கும் இந்திய மருத்துவச் சங்கத்தின் இமேஜ் நிலையம் பாலக்காட்டிலேயே இருக்கிறது. அதைத் தாண்டித்தானே எங்கள் ஊருக்கு வருகிறது?

2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி ஒவ்வொரு பைக்கும் பார்கோடு ஒட்ட வேண்டும், சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. எந்த மருத்துவமனை எத்தனை படுக்கை, அன்றாடம் எத்தனை கிலோ ஒப்படைத்தது என்று இரண்டு வாரியங்களும் சேர்ந்து இணையத்தில் போடுங்கள். படுக்கை நிறைந்திருக்கும்போது எடை மட்டும் குறைந்தால் மிச்சம் எங்கே போனது என்று பள்ளிக்கூடப் பிள்ளையும் கேட்கும். நகராட்சிக் குப்பைக்கு, கடைசியாகப் போய்ச் சேர்ந்த ஆலையின் ரசீதைக் காட்டாத ஒப்பந்தக்காரருக்குப் பில் பாஸ் ஆகக் கூடாது.

தமிழ்நாட்டு வாரியத்துக்கும் ஒன்று. மருத்துவக் கழிவு கொட்டுவோரைக் குண்டர் சட்டத்தில் அடைக்க 2025-ல் சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்தது. நல்லது. ஆனால் அதிலும் டிரைவரும் கிளீனரும்தான் உள்ளே போவார்கள் என்பது என் கணிப்பு. குழிக்கு இடம் கொடுத்த நிலத்துக்காரரிடமே அள்ளும் செலவை வசூலியுங்கள். புரோக்கர் பெயர் தானாக வெளியே வரும்.

ஜிஎஸ்டி வந்து 2017-ல் வணிகவரிச் சாவடிகளை மூடிய பிறகு, லோடைத் திறந்து பார்க்கும் ஆட்களும் குறைந்துவிட்டார்கள். இப்போது லாரியைப் பிடிப்பது ஊர்க்காரர்கள். பிடித்தபின் போலீஸ் வாரியத்தைக் கேள் என்கிறது. வாரியம் அது எங்கள் மாவட்டமா என்று பார்க்கிறது. அதற்குள் வண்டி போய்விடுகிறது. இரண்டு மாநிலத்துக்கும் சேர்த்து ராத்திரியில் எடுக்கிற ஒரே போன் நம்பர் கொடுங்கள். தமிழிலும் மலையாளத்திலும் பேசத் தெரிந்த ஆளை உட்கார வையுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு எங்கள் எல்லையில் பஞ்சமே இல்லை.

இப்படிக்கு,
தென்னை விவசாயி ஒருவர்,
பொள்ளாச்சி வட்டம்